தண்ணீருக்கு மட்டும் ஞானத்தகப்பன் இல்லை

பூங்கா என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். உள்ளே ஒரு பிடி புல் தேறாது. கல், கள்ளி, பல்லி, மறுபடியும் கல். இதைப் பார்க்கத்தான் குளிர்காலம் முழுக்க வடக்கேயிருந்து பனிக்குப் பயந்த கிழவன் கிழவிகள் வீடு மாதிரியான வண்டிகளை ஓட்டிக்கொண்டு அரிசோனாவுக்கு வந்து குவிகிறார்கள். வெயிலில் மலை ஏறுகிறார்கள், முகம் தக்காளியாகிறது, சந்தோஷமாக இறங்கிப் போகிறார்கள். அவர்கள் நடக்கிற பாதையில் மழை அரித்த இடத்தை நிரப்புவதும், உருண்டு விழுந்த பாறையைத் தள்ளுவதும் என் வேலை. என் பேர் நாபோர்.

வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அவர்களை உள்ளே விடுவது கோக்கோவின் வேலை. விடுவது என்று சொல்வது கூடத் தப்பு. அவள் மறிப்பாள். "தண்ணி இருக்கா?" என்று கேட்கிற ரகம் இல்லை. "தண்ணியைக் காட்டு" என்பாள். காட்டினால் பாட்டிலைத் தூக்கிக் குலுக்கிப் பார்ப்பாள். பாதி என்றால் வண்டியைத் திருப்பு.

ஒரு தடவை ஒரு பாதிரியார் வண்டி நிறைய ஆட்களோடு வந்தார்.

"தண்ணி எங்க, சாமி?"

"கடவுள் குடுப்பார், மகளே."

"குடுத்துட்டார் சாமி. அந்தக் கக்கூஸ் பக்கத்துக் குழாயில விட்டிருக்கார். போய்ப் பிடிச்சுட்டு வாங்க."

பாதிரியார் இறங்கிப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தடுப்புக் கட்டையைத் தூக்கினாள்.

அவளுடைய மூத்த பையனை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தியவன் நான். அதனால் எனக்கு அவள் கொமாத்ரே, அவளுக்கு நான் கொம்பாத்ரே. எல்லைக்குத் தெற்கே வேர் உள்ள எங்கள் ஜனங்களில் இது ரத்த உறவுக்கு ஒரு படி மேல். சண்டை போட்டாலும் 'நீங்க' போட்டுத்தான் போடுவோம். பூங்காவின் இரண்டு மலைகளுக்கும் இதே பேர்தான், இரண்டு கொமாத்ரேக்கள். தலையைத் தலையோடு சாய்த்து யாரையோ பற்றிப் புறம் பேசுகிற மாதிரி நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கணவாய். எல்லாரும் ஏறுவது அங்கேதான்.

அந்தக் கணவாய்க்கு ஒரு ஊரையே அனுப்பிவைத்தவள் கோக்கோ. அவள் மட்டும் போனதே இல்லை. முதலில் நான்கு பிள்ளைகள், பிறகு சனி ஞாயிறு வேலை, பிறகு வலது முட்டி. கீரைத் தோட்டங்களில் குனிந்து குனிந்து வளர்ந்த உடம்பு. அந்த முட்டி மழைக்கு முந்தின நாளே மழை வரும் என்று சொல்லும்.

பிப்ரவரியில் ஒரு மதியம், கூண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் வாயில் ரொட்டியோடு சொன்னாள்.

"முட்டியை மாத்தப் போறாங்க. மார்ச்சு கடைசியில. மாத்தினதுக்கப்புறம் தரையில நட, மலையை மறந்துடுன்னுட்டான் டாக்டர்."

"மறந்துடுங்க. ஏறினாத்தானே மறக்க?" என்றேன்.

"அதான் கொம்பாத்ரே சொல்றேன். மறக்கறதுக்கு முன்னாடி ஏறணும். மார்ச்சுல எனக்கு அறுபது. அறுபதுன்னா என்ன?"

"கிழவின்னு அர்த்தம்" என்றான் லிப்ராதோ. அவன் அவளுடைய புருஷன். குழாய் ரிப்பேர் செய்கிறவன். மதியம் அவள் கட்டிக்கொண்டு வருகிற சாப்பாட்டுக்கு எங்கிருந்தாலும் வந்துவிடுவான்.

"நாலு பதினஞ்சு, கழுதை! கவுன் போட்டுட்டு, கிரீடம் வச்சுட்டு, அந்தக் கணவாய்ல வால்ஸ் ஆடப் போறேன்."

லிப்ராதோவுக்குப் புரை ஏறியது. நான் முதுகில் தட்டினேன், தேவைக்குக் கொஞ்சம் பலமாகவே.

எங்கள் பெண்களுக்குப் பதினைந்து வயதானால் விழா. கல்யாணம் மாதிரியே எல்லாம் நடக்கும், மாப்பிள்ளை மட்டும் இருக்க மாட்டான். கூடாரம் மாதிரி கவுன், கிரீடம், கூட ஆட கோட்டுப் போட்ட பையன்கள், தட்டைச் செருப்பைக் கழற்றிக் குதிகால் செருப்பு மாட்டிவிட அப்பா. சனிக்கிழமையானால் எங்கள் பூங்காவுக்கே நாலு பெண்கள் வந்து கள்ளிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பார்கள். கோக்கோ ஒவ்வொருத்தியையும் கூண்டிலிருந்து எட்டிப் பார்ப்பாள். அவளுடைய பதினைந்தில் குடும்பமே யூமாவில் கீரை வெட்டிக்கொண்டிருந்தது. அப்பா ஒரு ஆரஞ்சு சோடா வாங்கினாராம். அவள் முதல் மடக்குக் குடித்துவிட்டுத் தங்கைகளிடம் கொடுத்தாளாம். விழா முடிந்தது.

விஷயம் தெரிந்ததும் ஊர் கிறுக்குப் பிடித்த மாதிரி ஆயிற்று. எங்கள் விழாக்களில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஞானத்தகப்பன் உண்டு. அந்தப் பொருளை வாங்குவது, தூக்குவது, கெட்டால் திட்டு வாங்குவது எல்லாம் அவன் பாடு. கவுனுக்குத் தையல்காரி சாயோ ஞானத்தாய். அவளும் கோக்கோவும் ஒரே தெருவில் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டே வளர்ந்தவர்கள். இசைக்கு எங்கள் பூங்கா எலெக்ட்ரீஷியன் ஃபெர்மீன், தன் அக்கார்டியனோடு. செருப்புக்கு லிப்ராதோ, அப்பா இல்லாத குறைக்கு. கேக்குக்கு நான். கிரீடம், பூச்செண்டு, குழந்தைப் பருவம் முடிந்தது என்று கையில் கொடுக்கிற கடைசிப் பொம்மை, கொண்டாட்டத்தில் தூவுகிற காகிதம், அதைத் திரும்பப் பொறுக்க ஒரு பை, எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது.

விழா அன்று காலை வாகன நிறுத்தத்தில் கோக்கோ இறங்கினபோது பீட்ரூட் நிறத்தில் ஒரு கூடாரம் இறங்குகிற மாதிரி இருந்தது. கவுனுக்குள்ளே வளையம் வைத்துத் தைத்திருந்தாள் சாயோ. கீழே மலையேறுகிற பூட்ஸ். தலையில் கிரீடம். வடக்கத்திக் கிழவிகள் தங்கள் வண்டிகளிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"எப்படி இருக்கேன்?" என்று சுற்றினாள். வளையம் ஒரு குப்பைத் தொட்டியைத் தள்ளிவிட்டது.

"சர்க்கஸ் வந்திருக்குன்னு நினைச்சேன்" என்றான் லிப்ராதோ.

"வந்திருக்கு. சிங்கம் நான். கோமாளி யாருன்னு கண்ணாடியைப் பாரு."

அவன் போட்டிருந்தது அவனுடைய கல்யாணக் கோட்டு. பொத்தானுக்கும் ஓட்டைக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகியிருந்தது. என் கோட்டு என் மச்சானுடையது. அதன் கை என் முழங்கையோடு நின்றுவிட்டது. அந்தக் கோலத்தில், பாலில் ஊறின கேக்கைப் பெட்டியோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு நான் மலை ஏறினேன். மூன்று விதப் பால் ஊற்றிச் செய்கிற கேக். அது எனக்கு முன்னாடியே இறங்க ஆரம்பித்துவிட்டது, என் சட்டை வழியாக.

கோக்கோவை ஊரே கோக்கோ என்றுதான் கூப்பிடும். ஆனால் இந்த விழாவில் பெண்ணின் முழுப் பேரை மண்டபத்தில் உரக்கச் சொல்லித்தான் உள்ளே அழைப்பார்கள். மண்டபம் இல்லாததால் ஒவ்வொரு வளைவையும் மண்டப வாசலாக வைத்துக்கொள்ளலாம் என்றான் ஃபெர்மீன். வளைவு வந்ததும் அக்கார்டியனை இழுப்பான். நாங்கள் எல்லாரும் தொண்டை கிழியக் கத்துவோம்.

"சொக்கோரோ! சொக்கோரோ!"

இரண்டு மலையும் வாங்கித் திருப்பிக் கொடுக்கும். 'கோரோ, கோரோ' என்று பள்ளத்தாக்கு பூராவும் ஓடும். அவள் ஒரு கையால் கவுனைத் தூக்கி, மறு கையை ராணி மாதிரி ஆட்டிக்கொண்டு வளைவைத் திரும்புவாள். மறுபடியும் அடுத்த வளைவு, மறுபடியும் சொக்கோரோ. சிரித்துச் சிரித்து எனக்கு விலாவில் பிடித்துக்கொண்டது.

நடுவில் தாவும் கள்ளி. தொட வேண்டாம், பக்கத்தில் போனாலே ஒரு முள்ளுருண்டை கழன்று வந்து ஒட்டிக்கொள்ளும். கவுன் பாதையை விட அகலம். பத்தடிக்கு ஒரு உருண்டை. சாயோ சீப்பை வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாகக் கொத்தித் தள்ளினாள்.

"உன் பின்பக்கம் இந்த அளவு இல்லாம இருந்தா இந்தப் பாடு இல்லடி."

"துணி அளவெடுத்தவ நீ. முள்ளுக்கும் சேத்துத் தச்சிருக்க!"

பாதி மலையில் ஒரு தட்டைப் பாறை உண்டு. அங்கே வந்ததும் கோக்கோ உட்கார்ந்தாள். கவுன் அவளுக்கு முன்னாடியே உட்கார்ந்து, அவள் முகத்துக்கு மேலே எழும்பிக்கொண்டது. அதை அமுக்கிவிட்டு மூச்சு வாங்கினாள்.

"கொம்பாத்ரே, தண்ணி குடுங்க."

நான் ஃபெர்மீனைப் பார்த்தேன். ஃபெர்மீன் சாயோவைப் பார்த்தான். சாயோ லிப்ராதோவைப் பார்த்தாள். லிப்ராதோ குதிகால் செருப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தான், அதற்குள் இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ.

"தண்ணிக்கு யாரு ஞானத்தகப்பன்?" என்றாள் கோக்கோ.

கிரீடத்துக்கு இருந்தது. பொம்மைக்கு இருந்தது. குப்பை பொறுக்குகிற பைக்கு இருந்தது. நாங்கள் அத்தனை பேரும் இந்தப் பூங்காவில் சம்பளம் வாங்குகிறவர்கள் அல்லது அவர்கள் வீட்டுச் சோறு தின்கிறவர்கள். அன்றைக்கு வாசல் கூண்டில் வேறு ஆள். எங்கள் பாட்டிலைக் குலுக்கிப் பார்க்க வேண்டியவள் கவுன் போட்டுக்கொண்டு எங்கள் நடுவில் இருந்தாள்.

"கேக்கைப் பிழிஞ்சாக் கொஞ்சம் பால் வரும்" என்றான் ஃபெர்மீன்.

கோக்கோவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, மை கரைந்து கன்னத்தில் இறங்கியது. "பாதிரியாரை அனுப்பினேனே! ஐயோ, அந்த மனுஷனைக் கக்கூஸ் குழாய்க்கு அனுப்பினேனே!" என்று தொடையில் அடித்துக்கொண்டாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"சரி. இறங்குங்க."

"என்ன இறங்குங்க?" என்றேன்.

"தண்ணி இல்லாதவன் இந்தப் பாறையைத் தாண்டக் கூடாது. எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன்? எனக்கு மட்டும் வேற சட்டமா?"

"நான் ஓடிப் போய் எடுத்துட்டு வரேன், கொமாத்ரே."

"உங்க ஓட்டம் எனக்குத் தெரியும். நீங்க திரும்பி வரதுக்குள்ள எனக்கு எழுபத்தஞ்சு ஆயிடும். அஞ்சாவது பதினஞ்சு."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் மேலே கணவாயைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. இன்னொரு நாள் என்று ஒன்று கிடையாது. லிப்ராதோ கல்லைக் காலால் உருட்டினான். "இன்னும் கொஞ்சம்தான் கோக்கோ" என்று முணுமுணுத்தான், ஒரு மாதமாக அவளைக் கிண்டல் பண்ணினவன்.

"எழுந்திரு கிழவா. கையைக் குடு."

அவள் எழுந்து, முட்டி மடங்க மறுத்து, மறுபடி உட்கார்ந்தபோதுதான் தலைக்கு மேலே சத்தம் கேட்டது. ஹெலிகாப்டர். எங்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. தூவுகிற காகிதப் பொட்டலம் பிய்ந்து வானம் முழுக்கப் பறந்தது. கவுன் காற்று வாங்கி எழும்ப, நாங்கள் நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துக்கொண்டோம். பிடிக்காவிட்டால் அவளும் பறந்திருப்பாள்.

"யாருக்கோ ஏதோ ஆயிடுச்சு போல" என்றாள் சாயோ.

கீழ் வளைவில் தலைக்கவசம் போட்ட ஆட்கள் ஓடி வந்தார்கள். ஆறேழு பேர். ஒற்றைச் சக்கரம் வைத்த தூக்குப்படுக்கை, மருந்துப் பை, முதுகில் தண்ணீர். அவர்களுக்குப் பின்னால் பாதையில் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம், குழந்தை குட்டிகளோடு.

"யார் ஆபத்துல இருக்கறது?" என்று மூச்சிரைக்கக் கேட்டான் முன்னால் வந்தவன். மீட்புக்குழுத் தலைவன். சட்டையில் ஈபார்ரா என்று பேர்.

"இங்க யாரும் இல்லயே" என்றேன்.

"ஒரு மணி நேரமா இந்த மலையே 'காப்பாத்துங்க, காப்பாத்துங்க'ன்னு கத்துது! இந்தக் குடும்பம்தான் போன் பண்ணுச்சு. ஒவ்வொரு வளைவுலயும் கத்தியிருக்கீங்க!"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகுதான் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. சொக்கோரோ என்றால் எங்கள் மொழியில் காப்பாத்துங்க என்று அர்த்தம். ஆற்றில் அடித்துக்கொண்டு போகிறவன் கத்துகிற வார்த்தை. மாதாவின் பேர்களில் ஒன்று என்பதால் பிள்ளைக்கும் வைப்பார்கள். வாழ்நாள் பூரா கோக்கோ கோக்கோ என்றே கூப்பிட்டதில் எங்களுக்கு அது மறந்தே போயிருந்தது.

"அது என் பேரு தம்பி" என்றாள் கோக்கோ கவுனுக்குள்ளிருந்து.

ஈபார்ரா அவளைப் பார்த்தான். கிரீடத்தைப் பார்த்தான். அக்கார்டியனை, பொம்மையை, என் சட்டையில் வழிந்த பாலைப் பார்த்தான். அவன் வாய் ஓரம் துடித்தது.

"உங்க பேருக்காக ஒரு ஹெலிகாப்டர் கிளம்பி வந்திருக்கு, அம்மா."

"முன்னாடியே சொல்லியிருந்தா உதட்டுச் சாயம் சரி பண்ணியிருப்பேன்."

அவன் ஆட்களில் ஒருத்தன் முதலில் வெடித்தான். அதன் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. போன் பண்ணின குடும்பத்து அப்பன் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சிரித்தான். ஈபார்ரா ரேடியோவில் "ஆபத்து இல்ல. பேர். ஆமா, பேர்தான்" என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவர்கள் கொடுத்த தண்ணீரை நாங்கள் மாடு மாதிரி குடித்தோம். அதற்குள் ஈபார்ரா அவள் முட்டியைப் பார்த்துவிட்டான். பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. சிரிப்பு போய்விட்டது அவனுக்கு.

"அம்மா, இதோட மேல போக முடியாது. படுங்க. பத்திரமாக் கீழ கொண்டுபோறோம்."

"தண்ணி இருக்கா இப்போ?"

"இருக்கு."

"காட்டு."

காட்டினான். அவள் வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள். "நிறைய இருக்கு. அப்ப மேல போறேன்."

"முட்டி?"

"அடுத்த வாரம் வெட்டித் தூக்கிப் போடப் போற முட்டியை யாருக்காகப்பா பொத்திப் பொத்தி வைக்கணும்? மிச்சம் இருக்கறதை இன்னைக்கே செலவு பண்ணிடறேன்."

ஈபார்ரா என்னைப் பார்த்தான். லிப்ராதோ குறுக்கே வந்தான், கோட்டைச் சரிபண்ணிக்கொண்டு. "சார், நாப்பது வருஷமா இவளை நான் ஒரு தடவைகூடத் திருப்பினது இல்ல. நீங்க வேணா முயற்சி பண்ணிப் பாருங்க."

"வேண்டாங்கறவங்களைத் தூக்கிட்டுப் போக எனக்கு உரிமை இல்ல" என்றான் ஈபார்ரா. "விட்டுட்டுப் போகவும் மனசு இல்ல. என் பொண்ணுக்கு ஜூன்ல பதினஞ்சு. அவ கூட ஆடற பையன்களுக்கே நான் இன்னும் பயிற்சி குடுத்துட்டிருக்கேன்." அவன் முட்டிக்கு இறுகக் கட்டுப் போட்டான். பிறகு தன் ஆட்களைப் பார்த்து, "கவுனைத் தூக்குங்கடா" என்றான்.

இப்படியாக மீதி மலை. பீட்ரூட் கூடாரத்தைச் சுற்றித் தலைக்கவசம் போட்டவர்கள். ஊன்றுகோலைக் கொடுத்தால் வாங்கினாள், தோளைக் கொடுத்தால் தள்ளிவிட்டாள். நாலடி வைப்பாள், நிற்பாள், சாயோவைத் திட்டுவாள், நாலடி வைப்பாள். ஃபெர்மீன் பழக்க தோஷத்தில் "சொக்..." என்று ஆரம்பிக்க, எல்லாரும் அவன் வாயைப் பொத்தினோம். "கோக்கோ! கோக்கோ!" என்றுதான் அதற்கப்புறம். மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருந்த வடக்கத்திக்காரர்கள் ஒதுங்கி நின்று கைதட்டினார்கள். பாதிப் பேர் நாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே எங்கள் பின்னால் திரும்ப ஏறினார்கள்.

கடைசி ஏற்றம் நான் போட்ட பாதை. இவ்வளவு செங்குத்தாகவா போட்டேன் என்று அன்றுதான் தெரிந்தது. கோக்கோ பல்லைக் கடித்துக்கொண்டு, என் பரம்பரையையே மரியாதையாக 'நீங்க' போட்டுத் திட்டிக்கொண்டு ஏறினாள். பிறகு ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. காற்று மறுபக்கத்திலிருந்து முகத்தில் அடித்தது. அந்தப் பக்கமும் கள்ளிதான், வெகுதூரம், வானம் முடிகிற வரைக்கும். நடு நடுவே நின்ற முள்மரங்கள் பூத்து எல்லாம் மஞ்சளாக இருந்தது.

அவள் கையை உயர்த்தி அந்தப் பக்கத்துக் கள்ளிகளுக்கும் ராணி மாதிரி ஆட்டினாள்.

லிப்ராதோ முட்டி போட்டான். கோட்டுத் தையல் முதுகில் விட்டது, எல்லாருக்கும் கேட்டது. இடது பூட்ஸைக் கழற்றிக் குதிகால் செருப்பை மாட்டினான். வலது காலைக் கழற்றினால் பாதம் வீங்கியிருந்தது, செருப்புக்குள் போகவே இல்லை. தள்ளினான், திருகினான், எச்சில் தொட்டான்.

"கால் உடையுதுடா, பாவி!"

"செருப்புக்கு ஞானத்தகப்பன் நான். போட்டே தீருவேன்."

"பூட்ஸையே போடு, ஆட நேரமாவுது."

அப்படியே ஆனது. ஒரு கால் குதிகால், ஒரு கால் பூட்ஸ். ஃபெர்மீன் வால்ஸை இழுத்தான். முதல் சுற்று லிப்ராதோ. இரண்டாவது நான். வாழ்க்கையில் நான் ஆடினதே இல்லை, அவள் பூட்ஸ் என் கால்விரலை மிதித்தபோதும் வாய் திறக்கவில்லை. பிறகு ஈபார்ரா, பிறகு அவன் ஆட்கள் வரிசையாக, தலைக்கவசத்தோடு. பிறகு அந்தக் குடும்பத்து அப்பன், பிறகு ஒரு வடக்கத்திக் கிழவர். காற்று கவுனை அமுக்கவும் எழுப்பவும், அவள் நொண்டி நொண்டிச் சுற்றவும், வாய் ஓயாமல் சிரிக்கவும், சாயோ ஓரமாக நின்று மூக்கைச் சிந்திக்கொண்டே "தையல் பிரியுதுடி, மெதுவா ஆடு" என்று கத்தவும், நசுங்கின கேக்கைக் கையாலேயே அள்ளி எல்லாரும் தின்றோம்.

ஃபெர்மீனின் கை ஓய்ந்தபோது முட்டியும் ஓய்ந்தது. அவள் சாவதானமாகச் சரிந்து தூக்குப்படுக்கையில் உட்கார்ந்தாள், ஏற்கனவே அது அவளுக்காகத்தான் வந்தது என்பது போல.

"இப்ப மட்டும் ஒத்துக்கறீங்களா?" என்றான் ஈபார்ரா.

"ஏறுறதுக்குத்தான் கால் வேணும்னு கேட்டேன். இறங்கறதுக்கு யாரு கேட்டா? தூக்குங்க."

படுக்கச் சொன்னார்கள். படுத்தால் கவுன் முகத்தை மூடுகிறது என்று உட்கார்ந்தே வந்தாள், பட்டையைக் கட்டிக்கொண்டு, கிரீடத்தைச் சரி செய்துகொண்டு. ஒற்றைச் சக்கரம் கல்லில் குதிக்கும்போதெல்லாம் "உய்" என்று கத்தினாள். லிப்ராதோ ஒரு கையில் குதிகால் செருப்பும் மறு கையில் அவள் கையுமாகப் பக்கத்தில் ஓடினான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"மெதுவாப் போங்கப்பா" என்றாள் கோக்கோ. "கிழவன் பாவம். எனக்கும் அவசரம் ஒண்ணும் இல்ல."